பாலம் தாங்கியிருக்காது

காளப்பநாயக்கன்பட்டி,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மேனகா கண்ணுக்கு,

திருப்புலி நாட்டு அர்த்தனாரி ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொல்லும் கடிதம். நீயும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைப் போகப் போகச் சொல்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். மலைமேல் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் காலை பஸ்ஸில் இறங்கி வந்து, இங்கே பத்திரம் எழுதும் அருணாசலம் ஐயாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவர் மலைக்கு வந்ததே இல்லையாம். நம் ஆட்கள் ஒருவரையும் தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியது.

உன் விலாசத்துக்கு நான் யாரையும் கேட்கவில்லை. முந்தின வருசம் தையில் உன் அம்மாவுக்கு மிளகு அனுப்பத் தபாலாபீசுக்குப் போனோமே, அப்போது நீ வாய்விட்டுச் சொன்னாய். பட்டுக்கோட்டை, பெரிய குளத்துக்குக் கீழ்த்தெரு, பச்சைக் கதவு வைத்த வீடு. எழுதி வைக்கத் தெரியாதவன் எல்லாவற்றையும் மண்டைக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேண்டாதவையும் அங்கேதான் கிடக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் வேல்முருகன் உன்னைத் தேடி வரப்போகிறான். ஆடிப் பதினெட்டுக்கு மலையில் கூட்டம் ஏறி இறங்கி ஓய்ந்ததும் புறப்படுவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் வருவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். உன்னிடம் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்பான். அன்றைக்குக் காலையில் பாலம் தாங்கியிருக்குமா, தாங்கியிருக்காதா என்று.

நீயும் உன் பேராசிரியர் முருகானந்தமும் முதன்முதல் வந்த நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ரோடு. வெள்ளம் வந்தால் பாறை வழியாக மேலே ஏறிச் சுற்றிப் போக வேண்டும். நீ என்னை ‘அப்புச்சி’ என்று கூப்பிட்டாய். யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். “அது மகள் வயித்துப் புள்ளைங்க கூப்படறது கண்ணு, எனக்கு மகளே இல்லீயே” என்றேன். “அப்ப இனிமே இருக்குன்னு வெச்சுக்கங்க” என்றாய். அன்றைக்கே என் மருமகள் கோகிலா உன்னை உள்ளே கூட்டிப் போய்ச் சாமைச் சோறு போட்டாள்.

கத்தாழை நாரைப் பிசினில் தோய்த்து, அச்சில் அழுத்திப் பலகை செய்து கொண்டுவந்தீர்கள். ஒரு பலகையை ஒரு பொம்பளை தலையில் வைத்துத் தூக்கி வந்தாள். இரும்பில் பாதி பலம் அதற்கு உண்டு என்று நீ சொன்னபோது ஊர்க்கவுண்டர் குப்புசாமி கெக்கலி கொட்டிச் சிரித்தார். அப்புறம் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தீர்கள். “மூட்டை சும்மா கெடக்கும் சார். எங்காளுங்க பாலத்து மேலயே நின்னு சண்ட போடுவாங்க, அதுக்குக் கணக்கு இருக்குதா?” என்று அவர் கேட்டார். அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு என்றாய். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், தாங்காமல் போனால் எந்த இடத்தில் முதல் விரிசல் விடும் என்று கண்டுபிடிப்பதுதான் உன் படிப்பு என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். நார் தண்ணீர் குடித்தால் இளகும், காய்ந்தால் மறுபடி இறுகும், அது எவ்வளவு இளகுகிறது என்று பாலமே சொல்ல வேண்டும் என்று பலகைக்கு அடியில் சென்சார் ஒட்டினாய். இந்தக் கரைத் தூணில் அது சொல்வதைப் பதியும் பெட்டியும் ஒரு விளக்கும் வைத்தாய். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் போகக்கூடாது.

கருப்பனார் கோயில் முன்னால் ஊரே கூடியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். குப்புசாமி கற்பூரம் ஏற்றினார். “செகப்பு எரிஞ்சா இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் பாலத்துல கால் வைக்கறதில்ல” என்று எல்லோரும் கற்பூரத்தில் அடித்துச் சொன்னார்கள். பாலத்தைத் துடைக்கவும் பார்த்துக்கொள்ளவும் நீங்கள் வேலுவைத்தான் வைத்திருந்தீர்கள், அதனால் அவன்தான் முதலில் கற்பூரத்தைத் தொட்டான். பேராசிரியர் அதைப் படம் பிடித்தார். வெளிநாட்டுக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள் என்று பிறகு நீ வந்து சொன்னாய். அன்றைக்கு நீ மட்டும் முகம் சுருங்கி நின்றாய். சிவப்பு என்றால் உடையும் என்று அர்த்தம் இல்லை, சந்தேகம் என்று அர்த்தம், கம்பி அறுந்தாலும் சிவப்புதான் எரியும், இவர்கள் சாமி சத்தியம் செய்கிறார்களே என்று பேராசிரியரிடம் சொன்னாய். “பயந்து நடக்கறது நல்லதுதானே, விடும்மா” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்காதே. இனி சொல்வது உனக்கு முழுக்கத் தெரியாது, ஏனென்றால் அன்றைக்கு நீ ஊரில் இல்லை.

ஐப்பசி அடைமழை. கோகிலாவுக்கு விடிவதற்கு முன்னால் வலி கண்டது. வேலு பாறைமேல் ஏறி ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி அவளைப் படுக்க வைத்து நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் வேலு. நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். குப்புசாமியும் கூட வந்தார். ஓடையில் தண்ணீர் பாலத்துக்குக் கீழே தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் அக்கரையில் வந்து நின்றிருந்தது. அதன் விளக்கு சுற்றுவது எங்கள் முகத்தில் அடித்தது. தூணில் சிவப்பு எரிந்தது.

வேலு நின்றுவிட்டான். அக்கரையிலிருந்து டிரைவர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். “வாங்கய்யா! பாலம் கல்லாட்டம் நிக்குது, இன்னும் என்னத்தப் பாக்கறீங்க?” என்று கத்தினார். குப்புசாமி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பின்னால் தூக்கிய இருவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்கள் வேலுவின் முகத்தையே பார்த்தார்கள். போர்வைக்குள்ளிருந்து கோகிலா சொன்னாள்: “ஏனுங்க, போயிரலாங்க. நான் ஒண்ணும் அத்தன கனமில்லீங்க.”

வேலு சொன்னான்: “சாமி முன்னால சொல்லியிருக்கறோம் கோகிலா. அஞ்சு உசுரு இருக்குது. சுத்திப் போயிரலாம், பொறுத்துக்க.”

பாறை வழியில் ஏறினோம். ஆம்புலன்ஸ் மேல் ரோட்டுக்குச் சுற்றி வந்தது. பாதி வழியில் ஒரு பாறைச் சரிவில், அவள்மேல் மழை விழாமல் நாங்கள் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பெண் குழந்தை பிறந்தது. குழந்தை கத்தியது, எங்களுக்குப் போன உயிர் வந்தது. கோகிலாவுக்கு உதிரம் நிற்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது கண் திறந்திருந்தாள். செம்மேடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் முடிந்துவிட்டது. திரும்ப எடுத்து வரும்போதும் சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதே பாறை வழியில்தான் கொண்டுவந்தோம்.

காரியத்தன்று நீ வந்தாய். காப்பிச் செடிகளுக்கு நடுவே என்னைத் தனியாகக் கூட்டிப் போனாய். தூணுக்கு அடியில் கம்பி சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது, விளக்கு அதனால்தான் சிவப்பு எரிந்தது, பெட்டியில் பதிவானதை எல்லாம் நீயே பார்த்துவிட்டாய், பலகை ஒரு நூல் அளவுகூட இளகவில்லை என்றாய். “அந்த ஆம்புலன்சே ஏறி வந்திருந்தாலும் ஒடிஞ்சிருக்காது அப்புச்சி” என்றாய். அப்படிச் சொன்னால் எனக்குப் புரியும் என்று சொன்னாயோ, உனக்கே அடக்க முடியாமல் வந்ததோ, தெரியவில்லை. வேலண்ணனிடம் சொல்லட்டுமா என்று கேட்டாய். இன்றைக்கு வேண்டாம் கண்ணு என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு வரவில்லை.

பிறகு உன்னோடு படித்த சசிதரன் தம்பி வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். நீ படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாய் என்று அவர்தான் சொன்னார். விசாரணை நடக்கிறது, அறிக்கை வரும், அதுவரை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்களாம். தை போயிற்று, சித்திரை போயிற்று. பேராசிரியருக்கு வேலு போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு தடவை எடுத்து, “நான் உங்க வருத்தத்துல பங்கெடுத்துக்கறேன் தம்பி” என்றாராம்.

விளக்கு இப்போது எரிவதில்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. குப்புசாமி ஊரைக் கூட்டி, வெயில் நாளில் பாலத்தில் போங்கள், மழை பெய்தால் மட்டும் கல்லூரியிலிருந்து பதில் வரும் வரை யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். நனைந்தால் பலகை இளகும் என்று நீ சொன்னது எல்லோருக்கும் பாடமாக இருக்கிறது. வெயில் நாளில் மரவள்ளி மூட்டையோடு ஜனம் ஜனமாகப் போகிறார்கள். வேலு மட்டும் எந்த நாளும் ஏறுவதில்லை. பாறை வழியில்தான் போகிறான், வருகிறான்.

குழந்தை எடப்புளி நாட்டில் கோகிலாவின் அப்பன் ஆத்தாள் வீட்டில் வளர்கிறது. தவழ்கிறதாம். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதற்கு அப்படியே கோகிலாவின் நெற்றி. வேலு ஒரே ஒரு தடவை போனான். வாசலில் நின்றவனைப் பார்த்துக் கோகிலாவின் தம்பி கார்த்தி, “வெளக்கப் பாத்து நின்னவரு வந்திருக்காரு. உள்ள பச்ச எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க, அப்பறம் வருவாரு” என்று வீட்டுக்குள் பார்த்துச் சொல்லியிருக்கிறான். இவன் வாசலோடு திரும்பிவிட்டான். அந்தப் பையனையும் குற்றம் சொல்ல முடியாது. கோகிலா அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

நான் அவனிடம் கெஞ்சிப் பார்த்தேன். புள்ளையைப் போய்த் தூக்கிக்கொண்டு வாடா, அது உன் ரத்தம் என்றேன். அவன் சொன்னது இது: “பாலம் ஒடிஞ்சிருக்கும்னா நான் அஞ்சு உசுரக் காப்பாத்த நின்னவன். ஒடிஞ்சிருக்காதுன்னா நான் அவளக் கொன்னவன். ரெண்டுல எதுன்னு தெரியாம அந்தப் புள்ளைய எந்தக் கையில தூக்கறதுங்கப்பா?”

இதைச் சொல்லிவிட்டு மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தப் போய்விட்டான். வேலையெல்லாம் செய்கிறான். சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மரவள்ளிக்கு அடிக்கும் மருந்து டப்பாவைக் குப்புசாமி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அது எங்கே என்று அவன் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கண்ணு, நீ படித்தவள். உனக்கு உள்ளே எவ்வளவு அரித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் அத்தனை வருசப் படிப்பை அப்படியே போட்டுவிட்டுப் போவாயா? அவன் வந்து எதிரே நின்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றும். அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழத் தோன்றும். நீ அழுதால் அவன் உன்னை ஒரு சொல் சொல்லமாட்டான், ‘அழாத மேனகா’ என்று உனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து வருவான். அவன் அப்படித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து சேருவானா என்று எனக்குத் தெரியாது.

அதனால் நான் கேட்பது இது. பாலம் தாங்கியிருக்காது என்று சொல். பலகை தண்ணீர் குடித்து இளகியிருந்தது, நடுவில் வரும்போது முறிந்திருக்கும், விளக்கு சரியாகத்தான் எரிந்தது என்று சொல். பெட்டியில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்று சொல். நீ சொன்னால் அவன் கேட்பான்.

இதில் உனக்கு என்ன போகும் என்று யோசிக்காமல் கேட்கவில்லை. உன் கையால் செய்த பலகை, நான் பார்த்திருக்கிறேன், அச்சிலிருந்து எடுத்ததைக் குழந்தையைத் துடைக்கிற மாதிரி துடைப்பாய். நல்ல பொருளை இற்றுப்போனது என்று அதைச் செய்தவள் வாயாலேயே சொல்லச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் உன்னை ஏமாற்றியதாகும். தாங்காது என்று நீ சொன்னால் வேலு ஊரில் வந்து சொல்வான். சொன்னால் மழை நாளில் அந்தப் பாலத்தில் இனி ஒருவரும் ஏறமாட்டார்கள். பாலத்தைப் பிரித்துப் போட்டாலும் போடுவார்கள். குப்புசாமியின் மருமகள் உண்டாகியிருக்கிறாள். ஐப்பசி என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் என் வாசல் வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகிறாள். “என்னுங்க மாமா, சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். கொஞ்ச நாளாக அவள் வருகிற சத்தம் கேட்டால் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

இந்த இடத்தில் அருணாசலம் ஐயா பேனாவை வைத்துவிட்டார். “பெரியவரே, இத எழுதியே ஆகணுங்களா?” என்றார். எழுதுங்க என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறார்.

அந்தப் பெண்ணுக்கு ஐப்பசியில் நல்ல வெயில் அடிக்கட்டும் என்று கருப்பனாரிடம் வேண்டியிருக்கிறேன். ஐப்பசியில் எங்கே வெயில் அடிக்கும்? குப்புசாமியிடம் மாசம் நெருங்கும்போதே அவளைக் கீழே அவள் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் அகப்படவில்லை. அடுத்த வருசம் வேறொருத்தி உண்டாவாள், அவளுக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது ஒரே மகன் கண்ணு. அதற்கு மேலே என்னால் யோசிக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

வேலுவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, வளைவு இறங்கும்போதே வாந்தி எடுப்பான். உன் வீட்டுக்கு வரும்போது வெறும் வயிறாகத்தான் இருப்பான். வேண்டாம் என்பான், விடாதே. கஞ்சியாவது குடிக்கவை. குடித்த பிறகு பேசு. பேசும்போது தலையைக் குனிந்துகொள்ளாதே, அவன் முகத்தைப் பார்த்துச் சொல். உன் அம்மாவுக்கு மிளகு கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

போன வாரம் நானே அவனிடம் சொல்லிப் பார்த்தேன். பாலம் ஒடிந்துதான் போயிருக்கும்டா, எனக்குத் தெரியும் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “நீங்க எனக்காகச் சொல்வீங்கப்பா. மேனகா சொல்லட்டும். அது பொய் சொல்லாது” என்றான்.

நீ மறுபடி படிக்க வேண்டும். கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற ஊரில் நெடுநாள் வாழ வேண்டும். என் ஆயுசில் மிச்சம் இருப்பதைச் சாமி உனக்குக் கொடுக்கட்டும். என் மகனைத் திருப்பி அனுப்பிவிடு கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்புச்சி
அர்த்தனாரி
(இடது கைப் பெருவிரல் ரேகை)